நந்தனுக்கு வில்லன் யார்?

நந்தன் கதை என்றதும் நினைவுக்கு வருபவர் கொடுமைக்கார வேதியர். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது, தோழர்களே. ஆதனூர்ச் சேரியில் பிறந்தவரைத் தில்லைக்குள் போகவிடாமல் தடுப்பது அங்கே அவருடைய பிறப்பு மட்டும்தான்.

வேதியரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரம், நம் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. புராணம் கண்டுகொள்ளாத பண்ணையடிமை வாழ்வை மேடைக்குக் கொண்டுவந்தது இந்த வில்லன்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. சிதம்பரம் போக அனுமதி கேட்டால், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். சிவனருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது. ஆண்டை நந்தன் காலில் விழுகிறார். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935 படத்தில் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்தான் வேதியர்.

சரி, வில்லன் திருந்திவிட்டார். பிறகு எதற்கு நெருப்பு? தெற்கு வாயிலுக்கு வெளியே தீ மூட்டியவர்கள் தில்லைவாழ் அந்தணர்கள். சிவன் கனவில் வந்து சொன்னாராம். நந்தன் அதில் இறங்கி, பூணூலோடு எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. தீ மூட்டியவர்களை இந்தக் கதையில் யாரும் வில்லன் என்று சொல்வதில்லை.