ஆறு போக்கை மாற்றிய ஊர்: பக்கவாத வரலாற்றில் சில பக்கங்கள்

விழுப்புரத்திற்கு அருகே பம்பையாற்றங்கரையில் உள்ளது திருவாமாத்தூர். மூவர் பாடல் பெற்ற தலம் எனினும், இலக்கிய அன்பர்களாகிய நமக்கு அவ்வூர் இரட்டைப்புலவர்களால் நெருக்கமானது. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடமானவர். பார்வையற்றவரின் தோளில் மற்றவர் அமர்ந்து வழிசொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்றனர் என்பதும், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தனர் என்பதும் மரபு. திருவாமாத்தூர்க் கலம்பக அரங்கேற்றத்தின்போது, கோயில் ஆற்றின் எக்கரையில் உள்ளது என்பதை மாற்றிப் பாடிவிட்டனர் என்று அவையில் குறை எழுந்ததாம். அன்றிரவே பெருவெள்ளம் வந்து, ஆறு தன் போக்கை மாற்றிப் பாடலை மெய்யாக்கியதாம்.

அப்புலவர்களுடையது பிறவிக்குறை, பக்கவாதம் அன்று. ஆயினும் பக்கவாதத்தின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அந்தத் தோளும் அந்த ஆறும் நம் நினைவுக்கு வருகின்றன.

இந்நோய்க்கு மனிதர் இட்ட பெயர்களே ஒரு வரலாறு. கிரேக்கர் இதனை 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்னும் பொருளில் அழைத்தனர். வடமொழியின் 'பக்ஷாகாதம்' ஒரு பக்கத்தில் விழுந்த அடி. ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரோக்' என்பதும் அடியே. நம் சித்த மருத்துவம் இதனை வாத நோய்களுள் வைத்துப் பக்கவாதம் என்றது, பேச்சுவழக்கில் பாரிசவாதம். கண்காணாத ஒன்று அடித்துவிட்டது என்று நம்பியவரையில், அடித்த இடம் கையும் காலும் என்றே பலர் எண்ணினர். புறா இரத்தத்தை மரத்துப்போன கைகால்களில் தேய்க்கும் நம் ஊர் வழக்கமும் அந்த எண்ணத்தோடு ஒத்ததே.

அடி விழுந்த இடம் மூளை என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர். இவ்வாறு இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை 1658ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். குழாய் வெடித்தும் இந்நோய் வரும்; அடைபட்டும் வரும். பெரும்பாலானவை அடைப்பினால் வருவனவே. எது நேர்ந்தது என்பதை உயிருள்ளவரிடம் காண, 1971இல் நடைமுறைக்கு வந்த சி.டி. ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் பயனுண்டு என்று 1995இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2008இல் அவ்வெல்லை நாலரை மணி நேரமாயிற்று. பெருங்குழாய் அடைப்பைக் கம்பிவலையால் அகற்றும் முறை 2015இல் உறுதிப்பட்டது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் கணக்கிட்டனர். புறாவைத் தேடி அலையும் ஒரு மணி நேரத்தின் விலை அதுதான்.

ஆகவே முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, திடீரெனப் பார்வையோ நிலையோ தடுமாறினாலோ, 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கடைசியாக நலமுடன் இருந்த நேரத்தைச் சொல்லுதல் வேண்டும். வாயில் நீரோ மாத்திரையோ புகட்டலாகாது. சில நிமிடங்களில் தானே சரியானாலும் அது எச்சரிக்கையே. வருமுன் காக்க, இரத்த அழுத்தத்தை அளந்து கட்டுக்குள் வைத்தலே தலையாயது. சர்க்கரை, உப்பு, புகையிலை ஆகியன அடுத்தவை.

வந்தபின்? 1950களின் இறுதியில் பெட்ரோ பாக்-இ-ரிட்டா என்னும் கட்டலான் கவிஞர், நியூயார்க்கில் பேராசிரியராய் இருந்தவர், பக்கவாதத்தால் வீழ்ந்தார். மருத்துவ மாணவரான மகன் ஜார்ஜ் அவரைக் குழந்தைபோலத் தவழவைத்து, பின் நடக்கவைத்து, நாள்தோறும் பழக்கினார். ஏறத்தாழ ஓராண்டில் அவர் மீண்டும் கற்பிக்கச் சென்றார். சில ஆண்டுகளுக்குப்பின் கொலம்பியாவின் மலையொன்றில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தபோது, சிதைந்த பகுதி சிதைந்தபடியே இருந்தது. அது ஆறவில்லை, செய்தி வேறு வழிகளில் பாய்ந்திருந்தது.

எல்லாருக்கும் அத்தனை மீட்சி கிட்டுவதில்லை. ஆயினும் வெவ்வேறு அளவில் மூளை புதுவழி தேடும் என்பதே இன்றைய இயன்முறை மருத்துவத்தின் அடிப்படை. திருவாமாத்தூர் ஆறு ஓரிரவில் போக்கை மாற்றியது என்பது கதை. மூளையின் ஆறு மாதக்கணக்கில், ஒரே அசைவை நூறு முறை செய்வதால் மெல்லத் திரும்புகிறது. அதுவரை ஒரு தோள் வேண்டும். மருந்து மருத்துவமனையில் கிடைக்கும். தோளை வீடுதான் தரவேண்டும்.