விநோதினியின் உள்ளம்

வங்க நாவலில் விதவை புதியவள் அல்லள். 1856-ஆம் ஆண்டிலேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பங்கிம் சந்திரர் அவளை வாழவிடவில்லை. 'விஷ விருட்ச'த்தில் (1873) குந்தநந்தினி மறுமணம் புரிந்தும் நஞ்சுண்டு மாய்கிறாள். 'கிருஷ்ணகாந்தன் உயி'லில் (1878) ரோகிணி காதலனாலேயே சுடப்படுகிறாள்.

அக்கதைகள் வெளிவந்த 'வங்கதரிசனம்' பத்திரிகை 1901-இல் புத்துயிர் பெற்றது. அதிலேதான் ரவீந்திரநாத தாகூர் 'சோக்கேர் பாலி'யை எழுதலானார். கண்ணில் விழுந்த மணல் என்பது பொருள். தோழியர் இருவர் விளையாட்டாக ஒருவருக்கொருவர் இட்டுக்கொண்ட பெயர். விநோதினி படித்தவள், இளம் விதவை. தன்னை மணக்க மறுத்த மகேந்திரன், கல்வியறிவு குன்றிய ஆஷாவை மணந்து வாழும் வீட்டிலேயே வந்து தங்குகிறாள். ஆஷாவின் பெயரால் அவனுக்குச் செல்லும் கடிதங்களின் வாசகம் விநோதினியுடையது. மனைவியின் கடிதத்தில் வேறொருத்தியின் ஏக்கம்! அது காதலா, பொறாமையா, பழிவாங்கும் வேட்கையா என்பது அவளுக்கே விளங்கவில்லை. ஆசிரியர் தீர்ப்புக் கூறாமல் அம்மயக்கத்தையே பக்கம் பக்கமாகத் தொடர்ந்து செல்கிறார். வங்காளத்தில் வாழும் நம்மவர் இப்பகுதியை மூலமொழியிலேயே படித்தல் நலம்.

பிஹாரி மணக்க முன்வந்தும் மறுத்து, அவள் காசிக்குப் புறப்படுகிறாள். இங்கே ஆசிரியர் ஊர்வாய்க்கு அஞ்சிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எனினும் நஞ்சுமின்றி, துப்பாக்கியுமின்றி, உயிரோடு போகிறாள்.