‘செயலிழப்பு’ என்ற சொல்லும் காலம் தாழ்ந்த பரிந்துரையும்

1975 நவம்பரின் பிற்பகுதியில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. நெருக்கடி நிலையின்போது சண்டீகரில் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், நவம்பர் 12-இல்தான் பரோலில் விடுவிக்கப்பட்டிருந்தார். 1979 அக்டோபர் 8-இல் மறையும்வரை டயாலிசிஸ் சிகிச்சையிலேயே வாழ்ந்தார். காவலில் நிகழ்ந்தது என்ன என்ற அரசியல் வாதம் பெரிதாக எழுந்தது. நோய் எப்போது தொடங்கியது என்ற மருத்துவக் கேள்வி அவ்வாதத்தின் நிழலில் ஒதுங்கிவிட்டது.

அக்காலத்தில் மருத்துவர்கள் பயன்படுத்திய பெயர் ‘நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு’. பெயரே முடிவு நிலையைச் சுட்டியது. அதற்கு முந்தைய நீண்ட காலத்துக்குப் பொதுவாக வழங்கிய பெயர் இல்லை. 2002-இல் அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் நெறிமுறை ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்பதை வரையறுத்து ஐந்து நிலைகளாகப் பகுத்தது. தமிழ்ப் பேச்சில் இன்றும் ‘கிட்னி ஃபெயிலியர்’ என்பதே வழக்கு.

பெயரைவிட ஏமாற்றியது எண். வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதி அழியும்வரை இரத்தக் கிரியாட்டினின் இயல்பு எல்லையைத் தாண்டாமல் இருக்கக்கூடும். மாஹிமிலோ தாராவியிலோ ஒரு சிறு மருந்தகத்துக்கு 70 வயதும் 40 கிலோ எடையும் உடைய மூதாட்டி வருவதாகக் கொள்வோம். கிரியாட்டினின் 1.2. அறிக்கையில் அந்த எண் எவரையும் அச்சுறுத்தாது. 1976-இல் வெளியான காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் இட்டால் விடை நிமிடத்துக்குச் சுமார் 28 மில்லிலிட்டர். திறன் 30-க்குக் கீழ் இறங்கினாலே சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது இன்றைய நெறிமுறை. மருத்துவரின் அலட்சியம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வயதையும் எடையையும் கணக்கில் கொள்ளாத அறிக்கைத்தாளுக்கும் இதில் பங்குண்டு.

முன்கூட்டி அனுப்புவதன் பயன் மருந்தோடு முடிவதில்லை. டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முதிரச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். காலம் தாழ்ந்து வருபவருக்குக் கழுத்துச் சிரையில் குழாய் செருகியே தொடங்க நேர்கிறது. கிருமித்தொற்று அதன் வழியே நுழைகிறது. 2012-இல் வெளியான இந்தியப் பதிவேட்டு ஆய்வில் இடம்பெற்ற 52,273 பேரில் 48 விழுக்காட்டினர் பதிவானபோதே ஐந்தாம் நிலையில் இருந்தனர்.

ஜஸ்லோக்கில் ஜெயப்பிரகாஷுக்குச் சிகிச்சை அளித்தவர் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. (தம் தன்வரலாற்றுக்கு ‘யமராஜனின் சகோதரன்’ என்று பெயரிட்டவர், மருத்துவரை எள்ளும் பழைய வடமொழி வழக்கைத் தம்மீதே ஏற்றிக்கொண்டார்.) பின்னர் சென்னைக்கு வந்த அவர், சென்னைச் சிறுநீரக உதவி அறக்கட்டளையின் வழியே சுற்றுப்புறக் கிராமங்களில் வேறொரு முறையை முயன்றார். நோயாளி மருத்துவரைத் தேடி வரும்வரை காத்திருக்காமல், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் அளந்தனர். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டனர். கலங்கினால் அதில் புரதம் உண்டு. அத்தகையோர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டு, விலை மலிந்த மருந்துகளால் அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படுத்தப்பட்டன.