கர்ப்பகால முகப்பரு
கர்ப்பத்தில் இயக்குநீர் மாற்றத்தால் தோலில் எண்ணெய்ப்பசை மிகுந்து தோன்றும் பரு. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணியும். தேங்காய் எண்ணெயை முகத்தில் பூசினால் தோல்துளைகள் அடைபட்டுப் பரு கூடலாம். மென்மையான சோப்பால் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். அசெலாயிக் அமிலம், குறைந்த செறிவுள்ள பென்சாயில் பெராக்சைடு ஆகியவற்றை மருத்துவர் தருவதுண்டு.

1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை அறவே கூடாது: கருவின் மூளை, இதயம், முகம் ஆகியவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் தவிர்க்கப்படும். மலேசியச் சுகாதார அமைச்சு பாதரசமும் ட்ரெட்டினோயினும் கலந்த முகப்பூச்சுகளைப் பலமுறை தடைசெய்துள்ளது. ஆகவே கடையில் வாங்கிய கிரீம் எதுவானாலும், அரசு கிளினிக்கின் தாய்சேய்ப் பரிசோதனைக்குப் போகும்போது தாதியிடம் காட்டிக் கேட்பது மிக அவசியம்.