புளிச்சைப்பூவும் பாகும்

திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லி என்று பூவையே பெயரில் தாங்கிய ஊர்கள் நம் சென்னைக்கு மேற்கே உள்ளன. முல்லைக்கொடி தொண்டைமானின் யானைக் காலைச் சுற்றித் தடுத்தது என்பது முன்னதன் தலபுராணம். பின்னதில் பிறந்த திருக்கச்சிநம்பிகள் நந்தவனம் வளர்த்துக் காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு சென்றவர். இவற்றைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பூ என்றதும் கோயிலும் கூந்தலுமே நினைவுக்கு வருகின்றன. வேப்பம்பூ ரசத்தையும் வாழைப்பூ உசிலியையும் உண்டுகொண்டே அடுக்களையை மறந்துவிடுகிறோம்!

பூவுக்கும் இனிப்புக்கும் உள்ள உறவும் பழையதே. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பதை இன்று ஏளனமாகவே ஆள்கிறோம். கரும்பாலை இல்லாத இடத்தில் பூவே இனிப்பாக நின்றது என்னும் செய்தி அதனுள் உண்டு. பூவைச் சர்க்கரையில் இட்டுக் காக்கும் வழக்கமும் இருந்தது. சித்த மருத்துவத்தில் செம்பரத்தம்பூ மணப்பாகு உண்டு. ரோஜா இதழையும் சர்க்கரையையும் ஜாடியில் அடுக்கி வெயிலில் வைத்தால் குல்கந்து. பாரசீகத்தில் 'குல்' மலர், 'கந்த்' சர்க்கரை. அந்தக் 'கந்த்' வடமொழிக் 'கண்ட'த்தின் வழிவந்தது. நம் கற்கண்டில் உள்ள 'கண்டு' அதன் உடன்பிறப்பு. ஆங்கிலேயரின் 'கேண்டி'யும் அக்குடும்பமே.

ஜெல்லி இவ்விரண்டிலும் சேராது. மணப்பாகு ஒழுகும், குல்கந்தில் இதழ் இருக்கும், ஜெல்லியோ சாறு மட்டும் கண்ணாடிபோல் உறைந்து நிற்பது. அவ்வாறு உறையப் பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் வேண்டும். பெரும்பாலான பூக்களில் முதலிரண்டும் போதிய அளவில் இல்லை. ஆகவே மேனாட்டார் ஆப்பிளின் சாற்றையோ எலுமிச்சையையோ துணைக்கு அழைப்பர். அத்துணை வேண்டாத செடியொன்று நம் வேலியோரத்திலேயே நிற்கிறது.

அது புளிச்சை. அப்பெயரால் இரு செடிகள் வழங்குகின்றன. பூ வாடியபின் புல்லிவட்டம் சதைப்பற்றோடு சிவந்து திரளும் இனத்தையே இங்குக் குறிக்கிறோம். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதனை 'ரோசெல்' எனப் பதிந்து, அப்புல்லியால் இளம்புளிப்பான நல்ல ஜெல்லி ஆகும் என்கிறது. அதைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்; தென்னிந்தியத் தொல்லெழுத்துகளைப் பற்றி 1874இல் நூல் செய்தவர். அகராதி அச்சாகி வருமுன்னரே, 1882இல், மறைந்தார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1892இல் இச்செடியின் ஜாம் செய்ய இரண்டு ஆலைகள் இருந்தன. அமெரிக்க வேளாண்துறை 1907இல் இதற்கெனத் தனி வெளியீடே கொணர்ந்தது.

நம் பக்கத்திலோ இலை கோங்கூராத் துவையலாகும். புல்லி குப்பைக்குப் போகும்.

சென்ற மார்கழியில் அம்பத்தூரில் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையாரின் கொல்லையில் புல்லிகளைக் கேட்டுப் பறித்து வந்தோம். முதல்முறை உறையவில்லை, பாகாகவே நின்றது. உள்ளிருக்கும் பச்சை விதைக்காயை எறிந்ததே பிழை. பெக்டின் மிகுதியாக இருப்பது அதில்தான். மறுமுறை காயைத் தனியே வேகவைத்து, வடித்த அந்நீரில் புல்லியை இட்டுக் காய்ச்சித் துணியில் கட்டி இரவெல்லாம் சொட்டவிட்டோம். பிழிந்தால் கலங்கிவிடும். ஆழாக்குச் சாற்றுக்கு ஆழாக்குச் சர்க்கரை. குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ள, அது ஏடுபோல் சுருங்கிற்று. பதம் அதுவே. நிறம் மாணிக்கம்தான், மிகையன்று.

அம்மையாரிடம் ஒரு சீசா கொடுத்தோம். சுவைத்துவிட்டு, "இத்தனை வருஷமா இதையா சார் குப்பையில போட்டேன்!" என்றார். தொழிற்பேட்டை வந்த 1960களை அடுத்துக் கட்டப்பட்ட தனிவீடு அது. தையில் இடித்துவிட்டார்கள், அடுக்ககம் எழுகிறது. கொல்லை இருந்த இடம் கார் நிறுத்தம் ஆகுமாம். போகும்போது முற்றிய காய்கள் சிலவற்றைச் செய்தித்தாளில் மடித்துத் தந்தார். ஆடியில் நம் மாடித் தொட்டியில் ஊன்றினோம். நான்கு முளைத்திருக்கின்றன.