பாயிரமும் ஆய்வேடும்: சிங்கப்பூரில் ஆய்வு மாணவர்க்கான எழுத்து, பேச்சுப் பயிற்சி

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலமொழித் தொடர்பியல் மையம் 1979இல் தொடங்கப்பட்டபோது அதற்கு வேறு பெயர்: ஆங்கிலமொழித் திறன் பிரிவு. சீனவழியில் பயின்றவர்களும் ஆங்கிலவழியில் பயின்றவர்களும் ஒரே வளாகத்தில் அமரத் தொடங்கியிருந்த காலம் அது. மறு ஆண்டே நன்யாங் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து தேசியப் பல்கலைக்கழகமாயின. விரிவுரையைப் பின்தொடரும் அளவுக்கு மாணவரின் ஆங்கிலத்தை உயர்த்துவது அன்றைய அவசரத் தேவை. 2001இல் பிரிவு மையமாயிற்று. பெயரில் 'திறன்' போய்த் 'தொடர்பியல்' வந்தது. ஆனால் ஆய்வு மாணவர்களைப் பொறுத்தவரை ஓர் ஏற்பாடு வழக்கமாக நிலைத்தது. ஆங்கிலவழி படிக்காதவர் சேர்ந்தவுடன் தகுதிகாண் தேர்வு எழுதுவார். அதன் முடிவுக்கேற்ப அடிப்படை வகுப்பிலோ இடைநிலை வகுப்பிலோ சேர்க்கப்படுவார், அல்லது விலக்குப் பெறுவார்.

இந்த ஏற்பாட்டால் பயனடைந்தோர் பலர். அதன் ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இதன் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: ஆய்வு மாணவருக்கு எழுத வராததற்குக் காரணம் ஆங்கிலம் போதாமை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. வாதிடும் முறையை எந்த மொழியிலும் யாரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை என்பதே முதற்காரணம். தமிழ் மாணவருக்கோ அந்த முறையின் வகைகளும் பெயர்களும் அவருடைய மொழியிலேயே ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றைப் பயிற்சிக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பது வீண் இழப்பு.

ஞாயிறு மாலைகளில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஆய்வு மாணவர்களோடு தேநீர் அருந்திப் பேசுவது என் வழக்கம். பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். நீரை வடிகட்டும் சவ்வுகளை ஆராயும் ஒருவரிடம் அவருடைய ஆய்வு என்ன என்று ஒருநாள் கேட்டேன். "சவ்வுல துளைய சரிபண்ணிட்டா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். ஆனா எங்க சவ்வுல அழுக்கு தேங்குறது துளையில இல்ல, மேற்பரப்புல. அத அளந்து காட்டிட்டேன். கடல்தண்ணிக்கும் இது பொருந்துமான்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது." நான்கே வாக்கியங்கள். பிறர் கொள்கை, மறுப்பு, சான்று, தன் கூற்றின் வரம்பு என்று ஒரு வாதத்துக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அவற்றில் வரிசையாக வந்துவிட்டன. பிறகு அவர் எழுதிய இயலை வாங்கிப் படித்தேன். உலகத் தண்ணீர்ப் பற்றாக்குறையில் தொடங்கி, சவ்வுத் தொழில்நுட்பத்தின் சிறப்பைச் சொல்லி, முன்னாய்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தார். மேற்பரப்பு பற்றிய கூற்று பதினான்காம் பக்கத்தில் கிடந்தது. ஆங்கிலத்தில் பிழை ஏதும் இல்லை.

இத்தகைய இயலைத் தகுதிகாண் தேர்வு கண்டுகொள்ளாது. இலக்கணம் திருத்தும் வகுப்பு இதற்கு உதவாது. இப்போது கணினிச் செயலிகள் வாக்கியப் பிழைகளை நொடியில் களைந்துவிடுகின்றன. பிழையெல்லாம் நீங்கிய பின் எஞ்சி நிற்பது வாதத்தின் எலும்புக்கூடு. அது கோணலாக இருந்தால் முன்னைவிடத் தெளிவாகவே தெரிகிறது.

வாதத்தின் அமைப்பைக் கற்பிப்பதற்கு உலகெங்கும் எடுத்தாளப்படுவது மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முன்னுரை மாதிரி. அதில் மூன்று நகர்வுகள்: களத்தை நிறுவுதல், அக்களத்தில் தனக்கு ஓர் இடம் உண்டெனக் காட்டுதல், அந்த இடத்தில் அமர்தல். இரண்டாம் நகர்வுக்கு அவர் நான்கு வழிகள் சொன்னார்: எதிர்வாதம் வைக்கலாம், இடைவெளியைச் சுட்டலாம், வினா எழுப்பலாம், முன்னோர் மரபைத் தொடரலாம். நடைமுறையில் இந்த நான்கும் சுருங்கி 'இடைவெளி' ஒன்றே மிஞ்சியது என்பது என் அனுபவம். இதுவரை எவரும் இதை ஆராயவில்லை என்ற வாக்கியத்தை எழுதிவிட்டால் முன்னுரை முடிந்தது என்று மாணவர் நம்புகிறார்.

இங்கேதான் நன்னூலை எடுத்துப் பார்க்க வேண்டும். பவணந்தி முனிவரின் அந்த நூலை நாம் எழுத்து, சொல் இலக்கணமாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் அதன் முகப்பில் நிற்கும் பாயிரம் நூல் எழுதும் கலையைப் பேசுவது. பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி, ஏழு மதம் என்று அது வகுத்துச் செல்கிறது. குற்றங்களும் உத்திகளும் தொல்காப்பிய மரபியலிலேயே உள்ளவை. பவணந்தி அவற்றைக் கற்பிப்பதற்கு ஏற்ற வடிவில் ஒழுங்குபடுத்தினார். நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை மதங்கள். மதம் என்றால் இங்கே கொள்கை. முன்னோர் கருத்தின் எதிரில் நூலாசிரியன் நிற்கும் நிலை. பிறர் கூறியதற்கு உடன்படலாம், அதை மறுக்கலாம், முதலில் அதை ஏற்று உடன்சென்று பின்பு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபடுகையில் ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்கலாம்.

ஸ்வேல்ஸின் எதிர்வாதமும் மரபுத் தொடர்ச்சியும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இந்த ஏழில் ஒன்றுகூட வெற்றிடத்தைப் பற்றியது அன்று. ஏழும் யாரோ ஒருவரை முன்னிறுத்தியே பேசுகின்றன; தனித்து நிற்கும் ஏழாவது நிலைக்கும் விலகி நிற்கப் பிறர் வேண்டும். 'எவரும் ஆராயவில்லை' என்பது நன்னூல் கணக்கில் ஒரு மதமே ஆகாது. உரை மரபும் இவ்வாறே இயங்கியது. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது முந்தைய உரையாசிரியர் இளம்பூரணரின் கொள்கையை எடுத்துச் சொல்லி, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டி, அதன் பின்னரே தன் முடிபை வைக்கும் இடங்கள் பல. முன்னாய்வை மதிப்பிடுவது எப்படி என்று கேட்கும் மாணவருக்கு அந்தப் பக்கங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளே இந்த மரபை விட்டு விலகிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, முன்னாய்வுகள், இயல் பகுப்பு என்று தலைப்பிட்டுத் தலைக்கு அரைப்பக்கம் எழுதும் வழக்கம் வந்துவிட்டது. முன்னாய்வுகள் என்ற தலைப்பின்கீழ் நூற்பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றோடு ஆய்வாளர் உடன்படுகிறாரா, மாறுபடுகிறாரா என்பது தெரியாது. ஒரு நூலை அறிமுகப்படுத்தும் முகவுரையான சிறப்புப்பாயிரம் கேட்ட கேள்விகள் இவற்றைவிடக் கூர்மையானவை: நூல் யார் வழியில் வந்தது, கேட்போர் யார், பயன் என்ன, எந்தக் களத்தில், எக்காரணத்தால். கேட்போர் யார் என்ற ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொன்னாலே பல ஆய்வு முன்மொழிவுகள் திருந்திவிடும்.

நூலின் தொடக்கத்தில் அவையோரைப் பணிந்து சொல்லும் அவையடக்கத்தை, துணிந்து வாதிடுவதற்குத் தடையாகச் சிலர் சொல்வதுண்டு. பணிவு தமிழ் மாணவரின் வாதத்தை மழுக்கிவிடுகிறதாம். ஆனால் பணிவு ஆங்கிலத்திலும் உண்டு: ஆங்கில ஆய்வெழுத்தில் 'கூடும்', 'தோன்றுகிறது', 'எனக் கருத இடமுண்டு' என்னும் தளர்த்துச் சொற்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை மொழியியலாளர் கென் ஹைலண்ட் 1998இல் ஒரு நூல் முழுக்க விளக்கியிருக்கிறார். தமிழ்க் கவிஞன் நூலின் தலைவாயிலில் ஒருமுறை செய்த அடக்கத்தை ஆங்கில ஆய்வாளர் வாக்கியந்தோறும் பிரித்துச் செய்கிறார். இரண்டும் அவையை மதிப்பதே. இதை மாணவருக்கு எடுத்துச் சொன்னால், ஆங்கிலத்தின் அந்த நுட்பம் அவருக்கு அந்நியமாகத் தோன்றாது.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. மொழியியலாளர் ராபர்ட் கப்லான் 1966இல், ஒவ்வொரு மொழிக்குழுவின் சிந்தனையும் ஒவ்வொரு கோட்டில் செல்வதாகப் படம் வரைந்து காட்டினார். பிறமொழி மாணவரின் தாய்மொழியே அவருக்குத் தடை என்ற முடிவுக்கு அது இடங்கொடுத்தது. தமிழருக்கென ஒரு வாதமுறை உண்டு என்று நான் சொல்வதும் அதே தவற்றின் மறுபக்கம் ஆகாதா? இதற்கு விடை காண யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் கற்பித்துப் பின்னர் அமெரிக்கா சென்ற சுரேஷ் கனகராஜா, ஆய்வெழுத்தின் உலக அரசியலைப் பற்றி 2002இல் எழுதிய நூல் காகிதத் தட்டுப்பாட்டையும் மின்சாரமின்மையையும் சொல்கிறது. அறிவு குறைந்ததால் அல்ல, ஆய்விதழ்கள் கேட்ட வடிவத்துக்கும் வசதிக்கும் எட்டாததால் அங்குள்ள அறிஞர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். எழுதுபவர் தம் மரபை விட்டுவிடாமலேயே மைய நாடுகளின் மரபோடு பேரம் பேச முடியும் என்பதையும் அவர் தொடர்ந்து வலியுறுத்துகிறார். நான் சொல்வதும் அதுவே. மரபு இரத்தத்தில் வருவதில்லை. சிங்கப்பூரில் பிறந்து ஆங்கிலத்தில் படித்த தமிழ் மாணவர் நன்னூலைக் கண்ணால்கூடப் பார்த்திராதவராக இருக்கலாம். அவருக்கும் கற்பித்தால்தான் வரும். விரும்பினால் சீன மாணவரும் மலாய் மாணவரும்கூட அந்த ஏழு நிலைகளைக் கற்றுக்கொள்ளலாம்.

பேச்சுக்கு வருவோம். ஆய்வின் முதற்கட்டத்தில் தகுதித் தேர்வுக் குழுவின் முன்னும் முடிவில் வாய்மொழித் தேர்விலும் மாணவர் பேசியே தீர வேண்டும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது: ஒரே ஒரு படவில்லை, மூன்று நிமிடம், துறை சாராத அவை. புதிய நூலை அவையின் முன் வைத்து ஒப்புதல் பெறும் நம் அரங்கேற்ற மரபு இதைவிடக் கடினமானது. அங்கே அவையோர் இடைமறித்து வினவுவார்கள், நூலாசிரியர் விடை சொல்ல வேண்டும். ஆனால் தமிழ் மாணவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் நடுவே உள்ள தூரம். சிந்திப்பது பேச்சுத்தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில், மேடைத்தமிழோ மூன்றாவது ஒன்று. சிங்கப்பூர்ப் பள்ளிக் கல்வி இச்சிக்கலை நேர்மையோடு எதிர்கொண்டது. 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின், திருந்திய பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது. குழந்தை வீட்டில் பேசும் மொழியிலிருந்து எழுத்துமொழிக்குப் படி அமைத்தார்கள். அந்தப் படியைப் பல்கலைக்கழகம் வரை நீட்டுவதே அடுத்த வேலை. தேக்காவில் அந்த மாணவர் சொன்ன நான்கு வாக்கியங்கள் ஓர் ஆய்வேட்டின் முதல் வரைவு. அவற்றை அப்படியே ஏற்று எழுத்துக்கு ஏற்றும் பயிற்சிதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்பது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1950களில், அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கப் பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதத்துக்கே முதன்மை தரும் பரிந்துரை வந்தது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. உழைப்பாளர்கள் சிறுசிறு தொகையாகக் கொடுத்த பணம் தமிழ் நூல்களாயிற்று. 1956இல் தமிழோடு துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூர் சென்று, தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் தலைமையில் வளர்ந்தது. நன்கொடை தந்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாயிலை மிதித்திராதவர்கள். தமிழில் உயராய்வு நடக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள். இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. தேசிய கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள். தமிழில் ஆய்வு எழுதுவோருக்கும் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் பொதுவான ஒரு பயிற்சிக்கூடம் அந்த நன்கொடைக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கி.

அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. விக்டோரியா சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. வாரம் ஒரு மாலை போதும். மாணவர் தம் ஆய்வைப் பேச்சுத்தமிழில் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் வேறு துறையினராக இருக்க வேண்டும். பின்னர் அதையே எழுத்துத்தமிழில் ஒரு பக்கமாக்கி, ஏழில் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை ஓரத்தில் குறிக்க வேண்டும். ஆங்கிலம் மூன்றாவதாக வரட்டும்.

சவ்வு ஆய்வாளரிடம் இதைச் செய்து பார்த்தேன். கைப்பேசியில் தம் பேச்சைப் பதிந்து, பதினான்காம் பக்கக் கூற்றை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். மறுத்தல் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு, ஏற்றுப் பின் களைதல் என்று மாற்றினார். துளைக் கொள்கை எந்த அளவுக்குச் சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், அதற்காக இன்னும் இரண்டு கட்டுரைகளைத் திரும்பப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார்.