கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட்

இந்திய முப்படையினர், ஓய்வுபெற்ற படைவீரர்கள், அவர்களின் குடும்பத்தார், மறைந்த வீரர்களின் மனைவியர் ஆகியோருக்குச் சோப்பு, பிஸ்கட் முதல் குளிர்பதனப் பெட்டி, கார் வரை சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பதற்காக மத்தியப் பாதுகாப்பு அமைச்சகம் நடத்திவரும் துறை. சுருக்கமாகச் சிஎஸ்டி என்பார்கள். தலைமையகம் மும்பை மகரிஷி கார்வே சாலையில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் இயங்குகிறது. லே முதல் போர்ட் பிளேர் வரை பரவிய 34 டிப்போக்கள் வழியாகச் சரக்கு போகிறது. சென்னையிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் டிப்போ உண்டு.

சிஎஸ்டி நேரடியாக யாருக்கும் சில்லறை விற்பனை செய்வதில்லை. தொழிற்சாலைகளிடம் மொத்தமாக வாங்கி, படைப்பிரிவுகள் நடத்தும் யூனிட் கேன்டீன்களுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் ‘மிலிட்டரி கேன்டீன்’ என்று சொல்லப்படுபவை இந்த யூனிட் கேன்டீன்கள்தாம். நாடெங்கும் நாலாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் இவை உள்ளன. மொத்த வணிகம் அரசின் கையில், சில்லறை வணிகம் படைப்பிரிவின் கையில் என்ற இந்தப் பிரிவினையை மனத்தில் கொள்ளாமல் சிஎஸ்டியின் வரலாற்றையோ அதன் வழக்குகளையோ விளங்கிக்கொள்ள முடியாது.

படைக்குப் பின்னால் வந்த கடைத்தெரு

படைவீரனுக்குச் சம்பளம் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றுதான் பழைய அரசுகள் பெரும்பாலும் இருந்தன. அரிசி, எண்ணெய், புகையிலை எல்லாவற்றையும் அவனே விலைகொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் படை நகர்ந்தபோதெல்லாம் கடைத்தெருவும் கூடவே நகர்ந்தது. தக்காணத்தில் தானியத்தைப் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு படைகளைத் தொடர்ந்தவர்கள் லம்பாடிகள் எனப்படும் பஞ்சாரா வணிகர்கள். அவர்கள் வந்தால் பாளையம் சாப்பிடும், வராவிட்டால் பட்டினி. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்ட ஆங்கிலேயப் படைத்தலைவர் காரன்வாலிஸ், உணவும் வண்டிமாடுகளும் இல்லாமல் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்து வென்றபோது, பஞ்சாராக்கள் கொண்டுவந்த தானியம் அவருடைய படைக்குப் பெருந்துணையாக இருந்தது.

படைகள் ஓரிடத்தில் நிலைகொண்டு கன்டோன்மென்ட்டுகள் உருவானதும் கடைத்தெருவும் நிலைகொண்டது. வட இந்தியக் கன்டோன்மென்ட் ஊர்களில் சதர் பஜார் என்ற பெயரில் இன்றும் இருப்பது அதுவே. ரெஜிமென்ட்டுக்குள் கடை நடத்தும் உரிமை கான்ட்ராக்டர்களுக்குப் போயிற்று. பார்சி வணிகர்கள் பலர் இத்தொழிலில் பேர்பெற்றார்கள். கான்ட்ராக்டர் கடனுக்குக் கொடுப்பார், சம்பள நாளில் வசூலிப்பார். முகாமை விட்டு வெளியே போய் விலை விசாரிக்கச் சிப்பாய்க்கு வழி இல்லை. சொன்ன விலைதான் விலை.

இதே குறை பிரிட்டனிலும் இருந்தது. படைமுகாமின் கேன்டீனைக் குத்தகைக்கு விடும் முறையை ஒழிக்க, 1894-இல் ராணுவ அதிகாரிகள் சிலர் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். லாபம் குத்தகைதாரருக்குப் போகாமல் வீரர்களுக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. முதல் உலகப் போரில் அந்தக் கொள்கை விரிவடைந்து, 1921 முதல் நாஃபி என்ற நிறுவனமாகச் செயல்படத் தொடங்கியது. இந்தியாவில் சிஎஸ்டிக்கு அடிப்படையான எண்ணமும் இந்தக் கொள்கைதான்; ஆனால் அது இங்கே வேர்பிடிக்க இன்னொரு உலகப் போர் வேண்டியிருந்தது.

சிண்டிகேட்டிலிருந்து அரசுத் துறைக்கு

இந்தியாவிலிருந்த படைகளுக்காக 1920-களில் ராணுவக் கேன்டீன் வாரியம் ஒன்று முயன்று பார்த்தது, நிலைக்கவில்லை. 1927-இல் கான்ட்ராக்டர்கள் சேர்ந்து கேன்டீன் கான்ட்ராக்டர்ஸ் சிண்டிகேட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். தனித்தனிக் கடைக்காரர்களுக்குப் பதிலாக ஒரே பெரிய அமைப்பு வந்ததே தவிர, வணிகம் தனியார் கையிலேயே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் போர் முடிவதற்குள் 25 லட்சமாகப் பெருத்தது. அசாம் மலைகளிலிருந்து வட ஆப்பிரிக்கப் பாலைவனம் வரை சிதறிக் கிடந்த அத்தனை பேருக்கும் பற்பசையும் சிகரெட்டும் சேர்ப்பது கான்ட்ராக்டர்களால் ஆகக்கூடிய காரியம் இல்லை. 1942 ஜூலை 1 அன்று கேன்டீன் சர்வீசஸ் இந்தியா என்ற பெயரில் அரசே இப்பணியைக் கையில் எடுத்தது.

ஐந்தே ஆண்டுகளில் நாடு பிரிந்தது. துப்பாக்கிகளையும் ரெஜிமென்ட்டுகளையும் பங்கு பிரித்தவர்கள் கேன்டீன் சரக்கையும் பிரித்தார்கள். இந்தியாவின் பங்கைக் கொண்டு 1948 ஜனவரி 1 அன்று சிஎஸ்டி பிறந்தது. பாகிஸ்தானின் பங்கும் அதே பெயரில் தனித் துறையாகி, ராவல்பிண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் நடக்கிறது. அங்கே அக்கடைகள் பொதுமக்களுக்கும் திறந்திருக்கின்றன. இந்தியாவில் கேன்டீன் அட்டை இல்லாதவருக்கு இடமில்லை. ஒரே தாய் அமைப்பிலிருந்து பிரிந்தவை இவ்வளவு வேறுபட்ட பாதைகளில் போனது தனியாக ஆராயத்தக்கது.

தொடக்கத்தில் சிஎஸ்டி ஒரு வணிக நிறுவனம்போலத் தன் வரவுசெலவைத் தானே பார்த்துக்கொண்டது. 1977 ஏப்ரல் 1 முதல் அதன் கணக்குகள் இந்தியத் தொகுப்பு நிதிக்குள் வந்தன. அன்று முதல் சரக்கு வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். கொள்கை முடிவுகளைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கிறது. பொது மேலாளர் பொறுப்பில் ராணுவ அதிகாரி ஒருவர் அமர்கிறார்.

விலை எப்படிக் குறைகிறது

முதல் காரணம், வாங்கும் அளவு. ஒரு நிறுவனத்தின் சரக்கு சிஎஸ்டி பட்டியலில் ஏறினால் நாடு முழுவதற்கும் ஒரே வாடிக்கையாளர், விளம்பரச் செலவு இல்லை. அதனால் வெளிச்சந்தைக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த விலைக்கு அது இசைகிறது. இரண்டாவது காரணம், வரி. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரிச் சலுகை வேறுபட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின், சிஎஸ்டி கட்டும் வரியில் பாதி திருப்பித் தரப்படுகிறது. மூன்றாவது, கடைச் செலவு. யூனிட் கேன்டீன் பெரும்பாலும் படைமுகாமின் இடத்திலேயே இருக்கும்.

மதுபானத்துக்குப் படிநிலைப்படி மாதக் கோட்டா உண்டு. அதிகாரிகளுக்கு அதிகம், ஜேசிஓ எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கு அதைவிடக் குறைவு, ஜவான்களுக்கு இன்னும் குறைவு. 2003-இல் தமிழ்நாட்டின் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம் போன பிறகும் மிலிட்டரி கேன்டீன் அதற்கு வெளியே நிற்கிறது. கேன்டீன் என்றதும் ஊரில் முதலில் ரம்மைப் பற்றிப் பேச்சு வருவதற்கு இதுவே காரணம். அது நியாயமான பேச்சு அல்ல. மாதம் தவறாமல் அட்டையுடன் வரிசையில் நிற்கும் ஓய்வூதியர் வீட்டுப் பெண்கள் வாங்கிப்போவது சமையல் எண்ணெயும் துணி சோப்பும் டீத்தூளும்தான். வேலூர் மாவட்டத்தில் ‘ராணுவப்பேட்டை’ என்று பேர்பெற்ற கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்களில், இந்தச் சலுகை ஓய்வூதியத்தோடு சேர்த்து எண்ணப்படும் வருமானம்.

கார், இருசக்கர வாகனம், பெரிய மின்சாதனங்கள் ஆகியவற்றை யூனிட் கேன்டீன் இருப்பு வைப்பதில்லை. பணம் கட்டி உறுதிசெய்த பிறகே சரக்கு வரும். இதை ஏஎஃப்டி முறை என்பார்கள். இவற்றை வீட்டிலிருந்தே பதிவுசெய்யும் இணைய வசதியைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2021 ஜனவரியில் தொடங்கிவைத்தார். கார் வாங்குவதில் சலுகை மிகையாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கருதி, 2019 ஜூன் முதல் அதிகாரிகளுக்கு எட்டு ஆண்டுக்கு ஒரு கார், அதுவும் ஜிஎஸ்டி நீங்கலாக 12 லட்சம் ரூபாய்க்குள் என்று வரம்பு கட்டப்பட்டது. 2020 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்குமதியாகும் பொருள்களை இனி வாங்குவதில்லை என்று ஆணை வந்தது.

தரத்தில் சிஎஸ்டி காட்டும் கண்டிப்புக்கு ஓர் உதாரணம்: 2017-இல் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் நெல்லிக்காய்ச் சாறு கொல்கத்தாப் பொதுச் சுகாதார ஆய்வகச் சோதனையில் தேறவில்லை; உடனே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

கணக்கும் ஊழியரும்

சிஎஸ்டியின் டிப்போவில் மூட்டை தூக்குபவர் அரசு ஊழியர். அதே மூட்டையை யூனிட் கேன்டீனில் பிரித்து அடுக்குபவர் அரசு ஊழியர் அல்லர். யூனிட் கேன்டீனைப் படைப்பிரிவு தன் சொந்த ரெஜிமென்ட் நிதியில் நடத்துகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். 2001-இல் முகமது அஸ்லம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேன்டீன் ஊழியர்களை அரசு ஊழியர்களாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009-இல் ஆர்.ஆர். பிள்ளை வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கேன்டீனுக்குத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் பணம் போகவில்லை, எனவே அவர்கள் அரசு ஊழியர் அல்லர். இந்த ஊழியர்களில் பலர் முன்னாள் வீரர்களும் வீரர்களின் மனைவியரும் ஆவர். படைக்குடும்பங்களின் நலனுக்காகத் தோன்றிய கடையில், படைக்குடும்பத்தைச் சேர்ந்தவர்களே ஓய்வூதியம் இல்லாமல் வேலைசெய்கிறார்கள். சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். துறையின் பிறப்புக் காரணத்தோடு அது பொருந்தவில்லை.

லாபத்தின் கதையும் இதுபோன்றதே. விற்ற அளவுக்கேற்ப யூனிட் கேன்டீன்களுக்குச் சிஎஸ்டி கழிவு தருகிறது. அதோடு கேன்டீனின் சொந்த லாபமும் சேர்ந்து ரெஜிமென்ட் நிதிக்குப் போய், வீரர் நலப்பணிகளுக்குச் செலவாகிறது. யூனிட் கேன்டீன் அரசின் பகுதி அல்ல என்பதால் அதன் கணக்கைத் தலைமைத் தணிக்கையாளர் பார்க்க முடிவதில்லை. 2010-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை இதைக் குறையாக எடுத்துச் சொன்னது. கான்ட்ராக்டரின் பையிலிருந்த லாபத்தை வீரனின் நலனுக்குத் திருப்பியது சிஎஸ்டியின் பெரிய சாதனை. அந்தத் திருப்பம் முழுமையாக நடந்ததா என்று வீரனுக்கும் தெரிய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அரசு கேட்டுக்கொண்டால் அரசு சாராத அமைப்பின் கணக்கையும் தலைமைத் தணிக்கையாளர் ஆராய 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.